செவ்வாய்க் கிரகமும் மூன்றாம் ஓலையும்

பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று ஏழு வருஷம் நர்ஸ் வேலையில் சுற்றிவிட்டு 1962இல் நான் அரிமளம் திரும்பியபோது, என்ன கொண்டுவந்தாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சித்தப்பா ஞானராஜ் மட்டும், "கப்பல் ரேடியோவுல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல என்னத்தா கேட்டுச்சு?" என்றார்.

"இரைச்சல்தான் சித்தப்பா."

"இங்கயும் அதேதான்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர் பஞ்சாயத்து ரேடியோ ஆப்பரேட்டர். மாலையில் பூங்காவில் செய்தியும் பாட்டும் போட்டு முடித்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார். பிறகு ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி அரைமணி நேரம் காது கொடுத்து, கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவார். வேறு கிரகத்தில் ஆட்கள் இருந்து, அவர்களிடமும் ரேடியோ இருந்தால், ஒருநாள் கேட்கத்தானே வேண்டும்? 1956இல் செவ்வாய் பூமிக்கு வெகு அருகே வருகிறது என்று பத்திரிகையில் படித்த நாளில் தொடங்கிய பழக்கம் இது. அதனால் அவருடைய கல்யாணமே நின்றிருக்கும். அப்போது நான் ஊரில் இல்லை. வியாகுலமேரி சித்தி சொல்லித்தான் தெரியும்.

சித்திக்கு ஊர் ஆவூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. தகப்பனில்லாத சித்தியை வளர்த்த தாய்மாமன் பங்கிராஸ், ஏதோ வேலையாக அரிமளம் வந்தவர், மாப்பிள்ளையைப் பார்க்கப் பூங்காவுக்குப் போனார். ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டிருந்தவரிடம், பேசுவது யார் என்று கேட்டார்.

"இன்னும் யாரும் பேசல மாமா. செவ்வாயிலேருந்து பேசுறாங்களான்னு பாக்குறேன்."

மறுநாளே பங்கிராஸ் சாமியாரிடம் போய்விட்டார். சாமியார் எல்லோரையும் வரச் சொன்னார்.

"செவ்வாய் தோஷமெல்லாம் ஜாதகம் பாக்குற அடுத்த வீட்டுக்காரங்களுக்குத்தான்னு நெனச்சேன் சாமி. நமக்கும் வந்துருச்சு" என்றார் பங்கிராஸ். "இவரு வேத்துலோகத்தோட பேசுறாரு. பேய் இல்லாம வேறென்ன?"

"பேசுறியா?" என்றார் சாமியார்.

"கேக்குறேன் சாமி. அம்புட்டுத்தான்."

"இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லு. ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலைய வாசிச்சிடுறேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சித்தப்பா கொண்டுவந்திருந்த நோட்டைக் கக்கத்திலிருந்து கையில் எடுத்தார். "கேப்பேன் சாமி" என்றார்.

கதவோரம் நின்ற சித்தி முன்னால் வந்தாளாம். "மாமா, அவரு கையில இருக்குற நோட்ட வாங்குங்க" என்றாள். வாங்கிச் சத்தமாக வாசித்தாள்.

"ஆகஸ்டு பத்து. இரைச்சல். யாரும் இல்லை. ஆகஸ்டு பதினொன்று. இரைச்சல். யாரும் இல்லை."

பக்கம் பக்கமாக அதேதான். சாமியார் கையமர்த்தும்வரை நிறுத்தவில்லை.

"நாப்பத்தி மூணு நாள் சாமி. பேய் புடிச்சவருக்குத் தெனமும்ல கேக்கும்? பொய்க்காரரா இருந்தா ஒரு நாளாச்சும் கேட்டுச்சுன்னு எழுதியிருப்பாரு. ஒண்ணுமில்லங்கறத ஒண்ணுமில்லன்னே எழுதுற ஆளு எனக்குப் போதும்."

சாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "அவங்க பேசுனா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும். ஞானஸ்நானம் வாங்கினவங்களான்னு விசாரிக்கணும்" என்றார்.

ஞாயிறு மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு, "தடை தெரிந்தவர்கள்" என்று அவர் தொடங்கியதும் பங்கிராஸ் இருமினார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"இருமல்தான் சாமி!"

புதன்கிழமை கல்யாணம். தாய்மாமன் முறைக்கு மாலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கொடுக்கும்போதே மெல்லக் கேட்டார்: "இன்னைக்குமா கேக்கப் போறீங்க மாப்ள?"

"நாளைக்கு மாமா."