காலைத் தடவிய எஞ்சின்

காயலான் கடைக்காரர் பேய் பிடித்த எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன். ஐம்பது வயதில் இப்படி நம்புவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

சைக்கிளில் பொருத்த, சின்ன இரட்டை சிலிண்டர் எஞ்சின் தேடி மண்ணூர், பென்னலூர் என்று கடை கடையாக அலைந்தேன். ஒருவழியாகக் கிடைத்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பொருத்தி, மறுநாள் விடியலில் வடக்குப்பட்டு ஏரிக்கரையில் ஓட்டினேன். ஏரி மேல் பனி. அதற்குள் நான் வேலை செய்யும் வண்டிக் கம்பெனியின் விளக்குகள் மிதந்தன. இரண்டு சிலிண்டரும் தூக்கத்தில் பேசிக்கொள்வதுபோல் முணுமுணுத்தன. மிதிக்காமலே சாலை நகர்ந்தது.

அப்போது என் கெண்டைக்காலை ஏதோ சூடாகத் தடவியது. சைக்கிளைப் போட்டுவிட்டு, தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று ஓட்டத்திலேயே முடிவும் செய்தேன்.

எதிரே பால் வாங்க வந்த செல்வம் என்னைப் பிடித்து நிறுத்தினார். திருநெல்வேலிக்காரர், கம்பெனியில் வண்டி பூட்டும் லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நிற்பவர். என்னோடு திரும்பி வந்து சைக்கிளைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, போல்ட்ட யாரு முறுக்குனா?"

"நீதாம்பா எப்பவும் முறுக்குவே. இன்னா புதுசா கேக்கிறே?"

"அது கம்பெனியில. உம்ம வீட்டுக்கு நானா வந்தேன்?"

இப்போதெல்லாம் சைக்கிளில் கிளம்புமுன் ஸ்பேனரோடு செல்வத்தின் ஸ்டேஷனிலும் நானே நிற்கிறேன். லைனில் எஞ்சினை வைத்து, போல்ட்டுகளை விரலால் மாட்டிவிடுவதோடு என் வேலை முடிந்துவிடும். வீட்டிலும் அதோடு முடித்திருந்தேன். போல்ட்டுகள் கழன்று, எஞ்சின் என் காலில் சாய்ந்திருக்கிறது.