அத்தான் சொன்ன அர்த்தம்

எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. அரக்கப்பரக்க ஓடுகிறவர்கள்கூட அவள் குரல் கேட்டால் கொஞ்சம் நிதானமாவார்கள். கழுத்தில் தைராய்டு கட்டி வந்தபோது அவள் வேறு மருத்துவரைத் தேடவில்லை. அக்காவின் கணவரே அறுவை மருத்துவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவரும் அவர்தான்.

கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவளைப் பார்க்க வந்த இன்னொரு மருத்துவர் கட்டிலருகே நின்று அத்தானிடம் மெல்ல ஒரு சொல் சொன்னார்: “ஐயாட்ரோஜெனிக்.”

அவர் போனதும் அவள் காற்றாய் வந்த கிசுகிசுப்பில் கேட்டாள். “அப்படின்னா என்ன அத்தான்?”

“நரம்பு பலவீனம்மா. உன் உடம்பு வாகு அப்படி. போகப்போகச் சரியாயிடும்.”

அவள் நம்பினாள். மைக் வேறொருத்தி கைக்குப் போனது. இவளைப் பார்சல் அறைக்கு மாற்றினார்கள். விசாரித்தவர்களிடமெல்லாம் உடம்பு வாகு என்று அவளே சொல்லிக்கொண்டாள். வேறு மருத்துவரைப் பார்க்கட்டுமா என்றபோதெல்லாம், “அத்தானுக்குத் தெரியாததா?” என்று அக்கா வாயை அடைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு குரல் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் ஒரு பெண். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குரல்நாண் அசையவே இல்லை என்றார். அப்போதுதான் அவள் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டாள்.

“கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லும்மா. ஐயாட்ரோஸ்னா வைத்தியர். ஜெனிக்னா பிறந்ததுன்னு அர்த்தம். வைத்தியர்கிட்ட இருந்து பிறந்தது. ஆபரேஷன்ல நரம்பு அடிபட்டிருக்கு. யார் கையிலயும் நடக்கக்கூடியதுதான். ஆனா அப்பவே வந்திருக்கலாமே.”

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயாட்ரோஸ்னா வைத்தியராமே, அத்தான்?”

அவர் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவினார். அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். “மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“இதைவிட மெதுவா எனக்கு வராதுக்கா. உனக்கும் தெரியுமா?”

“அவர் பேர் கெட்டுடும்னுதான்...”

கை தவறியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். தவறு தன் உடம்பில்தான் என்று நம்பவைத்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

மருத்துவமனையில் புகார் கொடுத்தாள். படிக்கவைத்த நன்றி அன்று முழுக்க அவளை அரித்தது. இருந்தும் கையெழுத்துப் போட்டாள். விசாரணை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. சிகிச்சையில் குரல் ஓரளவு தேறியது, ஆனால் மைக்குக்குப் போதாது. அக்கா அவ்வப்போது போன் செய்கிறாள். அவள் எடுக்கிறாள், அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுகிறாள்.