ஆடியில் வெட்டாத கிளை

அன்று மாமரத்தடியில் அப்பா இருந்தார், தாய்மாமா இருந்தார், ஊர் நாட்டாண்மை இருந்தார். சிதம்பரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்து நின்றிருந்தேன். அம்மா வரவில்லை. புருஷன் பக்கமா அண்ணன் பக்கமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அடுப்படியிலேயே இருந்துவிட்டாள்.

மரம் மாமாவுடையது. அதன் பெரிய கிளை வேலியைத் தாண்டி எங்கள் மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்திருந்தது. உள்ளே எங்களுக்கிருந்த ஒரே கறவை மாடு. கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் அடிக்கிற காற்றை நினைத்தாலே அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும்.

அவரும் கேட்காத மாதமில்லை. தையில் கேட்டால் பூ வைத்திருக்கிறது என்பார் மாமா. சித்திரையில் காய் தொங்குகிறது. இப்போது ஆடி, இரண்டும் இல்லை. ஆடியில் மரத்தில் அரிவாள் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்.

நான் வாயைத் திறந்தேன். காய் பறித்த கையோடு வெட்டினால் மழைக்குத் துளிர்த்து, தைக்குள் முற்றிப் பூத்துவிடும், உங்களுக்கும் நஷ்டமில்லை என்று பொறுமையாகத்தான் சொல்லி வந்தேன். கிளை கழிப்பதற்குக் காலேஜ் தோட்டத்தில் கேட்டுப் பழகிய வார்த்தை கடைசியில் வந்து விழுந்தது.

"மாமரத்துக்கு ஆடிக் கவாத்துதான் மாமா நல்லது."

மாமாவுக்குத் தெரிந்த கவாத்து, கடலூர் மைதானத்தில் போலீஸ்காரர்கள் வரிசையாக நடப்பது. யுத்தத்துக்குப் பட்டாளத்தில் ஆள் வேறு எடுத்துக்கொண்டிருந்த காலம்.

"கவாத்தா? ஏன் மாப்ள, எம் மரத்தப் பட்டாளத்துக்கு அனுப்பப் போறியா? அப்பிடியே ஒரு துப்பாக்கியும் வாங்கிக் குடுத்துடு."

நாட்டாண்மை சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது. நம் பக்கம் தொங்குவதை நாமே வெட்டலாம் என்று அப்பா மறுநாள் ஏணி சாத்தியபோது, கிளையில் கை வைத்தால் கை இருக்காது என்று மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அதற்கப்புறம் நான் தெருவில் போனாலே "லெப்ட், ரைட்" என்று குரல் கொடுப்பார்.

கார்த்திகைப் புயலில் கிளை முறிந்து, கொட்டகையோடு மாட்டின் முதுகில் இறங்கியது. மாடு மதியம் வரை கிடந்து செத்தது.

மழை விட்டதும் மாமா வண்டியோடு வந்தார். மாட்டைப் பார்க்கவில்லை. கிளையைச் சுற்றி வந்து, எத்தனை பாரம் விறகு தேறும் என்று பார்த்தார்.

"மரம் என்னுது, வெறகும் என்னுது. கொட்டாய அங்க கொண்டாந்து போட்டது யாரு?"

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போண்ணா. இனிமே இந்த வாசல்ல காலு வைக்காத."

அப்பா கடலூர் கோர்ட்டுக்குப் போனார். வாய்தா மேல் வாய்தா வாங்கி, ஒருவழியாக ராஜியில் முடிந்தது. நஷ்டஈடு கிடையாது. வருஷா வருஷம் ஆடியில் மேற்படி மரத்தைக் கவாத்து செய்வது என்று வக்கீல் எழுதினார். மாமா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், அந்த வார்த்தை வந்தபோது என் பக்கம் திரும்பாமலே கைநாட்டு வைத்தார்.

மாடு, கொட்டகை, வக்கீல், கடலூருக்கு நடந்த நடை எல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஆனது அந்தக் காலத்து முந்நூற்றுப் பத்து ரூபாய்.