கயாக்கில் போகிறவனைத் தேட யார்?

கயாக்கில் மீன் பிடிக்கிறவனுக்குத் தோள்வலி, இடுப்புவலி எல்லாம் பழகிவிடும். பேச்சுத்துணை இல்லாததுதான் கடைசிவரை பழகாது. ஒற்றை ஆளாகத் துடுப்புப் போடும் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பு மச்சானின் வள்ளத்தில் ஐந்தாறு பேரோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மச்சான் கப்பல் வேலைக்குப் போனதும் வள்ளம் கைமாறியது. மனைவி குவைத்தில் நர்ஸ். இங்கே நான், ஒரு பழைய பிளாஸ்டிக் கயாக், இரண்டு தூண்டில். குடும்பம் இவ்வளவுதான்.

சாட்சி இல்லாத மீன்

ஒருநாள் தூண்டிலில் பெரிய பாறை மீன் ஒன்று மாட்டியது. கயாக்கையே இழுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்தில் வந்து வெள்ளையாக ஒரு புரட்டு புரண்டதும், வள்ளத்துப் பழக்கத்தில், "பாருங்கலே!" என்று கத்தியபடி பின்னால் திரும்பினேன். பின்னால் இரை வாளி மட்டும் இருந்தது. திரும்பிய அந்த நேரத்தில் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு மீன் போய்விட்டது.

மீன் போனதைவிட, திரும்பிப் பார்த்ததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கரைக்கு வந்து, வள்ளக்காரர் ராயப்பனிடம் இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கக்கூட இல்லை. "சாட்சி இல்லன்னா அது பொடிச் சாளைதாம்லே!"

சொல்லிவிட்டுப் போக ஓர் ஆள்

தனியாகப் போகிறவன் கரையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும். வராவிட்டால் தேடச் சொல்வதற்கு அந்த ஆள் வேண்டும். குவைத்துக்குப் போன் செய்து பார்த்தேன். டியூட்டி நேரத்தில் அவள் போனை எடுக்க முடியாது. நான் முழுகிப்போன செய்தி அவளுக்கு டியூட்டி முடிந்துதான் தெரியவரும்.

அதனால் என்னிடம் மீன் வாங்கும் ரோஸ்மேரி அக்காவிடம் கேட்டேன். மதியத்துக்குள் நான் வரவில்லை என்றால் யாரிடமாவது சொல்லுங்கள் என்றேன். அக்கா ஐஸை உடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "எங்க வீட்டு மனுசன் வராட்டியே நான் தேடுறதில்ல தம்பி, ஒன்னையவா தேடப்போறேன்?"

கண்ணாடிக் கடல்

சாத்தான்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர், கயாக் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு, தானும் ஒன்று வாங்கிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். துணை கிடைத்த சந்தோஷத்தில் அன்று இரண்டு பேருக்கு டீ போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

ஆனால் கச்சான் எழும்பிவிட்டது. இந்த மேல்காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பது. கரையோரத்தில் அலையே இருக்காது. உள்ளே போகப் போகத்தான் கடல் கொதிக்கும். திரும்பி வரவும் விடாது. இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் அமைதியாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயாக்கைத் திரும்பவும் காரில் கட்டினார். "எங்க ஊருக் குளத்துலகூட இதவிட அலையடிக்கும் அண்ணாச்சி!"

இரண்டு பேர் டீயையும் நானே குடித்தேன்.

பாரில் பிடித்த நங்கூரம்

பிறகொரு நாள் கச்சான் என்னையே பிடித்துக்கொண்டது. காலையில் காற்று இல்லை. வெயில் ஏறி நிமிர்ந்து பார்த்தால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தன. கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன். கயாக் பின்னால்தான் போனது. அலை மடியில் ஏறி இறங்கியது. போனுக்குள் தண்ணீர் போய்விட்டது. கையில் தெம்பு தீர்ந்ததும் சின்ன நங்கூரத்தைப் போட்டேன். கொஞ்ச தூரம் இழுபட்டு, பார் என்று நாங்கள் சொல்லும், அந்தக் காலத்தில் முத்துக் குளித்த கடலடிப் பாறைத்திட்டு ஒன்றில் அது பிடித்துக்கொண்டது. கயிறு அறுந்தால் நேரே இலங்கைப் பக்கம்தான்.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். என்னைக் காணோம் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. காற்றைவிட அதுதான் பயமாக இருந்தது. அழுதேன், சொல்வதில் என்ன. சாயங்காலம் போல ராயப்பனின் வள்ளம் தெரிந்தபோது, தேடி வந்துவிட்டார்கள் என்று மறுபடியும் அழுதேன். கயாக்கை வள்ளத்தில் கட்டிக்கொண்டே ராயப்பன் சொன்னார்: "ஒன்னத் தேடி வரலலே, அத்துப்போன எங்க வலையத் தேடி வந்தோம்."

கறிமீன்

வள்ளம் கரை தட்டியதும் நாலைந்து பேர் ஓடி வந்து தோள் கொடுத்து மேலே ஏற்றினார்கள். வள்ளம் ஏற்றக் கைபோட்டவர் எல்லாருக்கும் வீட்டுக் குழம்புக்கு ஒரு மீன் கொடுப்பது எங்கள் கரை வழக்கம். கறிமீன் என்போம். அந்த மீனுக்காகவே வள்ளத்தை எதிர்பார்த்துக் கரையில் எப்போதும் சிலர் நிற்பார்கள். என் கயாக்கை நானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவேன். எனக்காக யார் நிற்பார்கள்?

மறுநாளிலிருந்து எனக்கு முதுகுப்பிடிப்பு. பொய்தான். தண்ணீரோரத்திலேயே உட்கார்ந்து முனகினேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சவரிமுத்து அண்ணன் மாப்பிள்ளையூரணியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். ஒரு விளமீன் கொடுத்தேன். அடுத்த நாளும் வந்தார். அதன் பிறகு தினமும் வந்தார்.

போன வாரம் காற்று முகத்தில் அடித்ததால் கரை சேர வெகுநேரமாகிவிட்டது. தூரத்திலேயே பார்த்தேன்: அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காது கிழியக் கத்தினார்: "எங்கலே போயித் தொலைஞ்ச? வீட்டுல மசாலா அரைச்சு வச்சிட்டு ஒக்காந்திருக்காலே!"

உயிர்காக்கும் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள் சகபாவிகளே, ஆனால் உங்களை நம்பிக் கரையில் யார் வீட்டிலாவது மசாலா அரைத்திருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.