மச்சமா, தூசியா?

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு டச்சிங் போட்டுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: இந்தத் தொழிலில் எந்தப் புள்ளியையும் நம்பக் கூடாது. எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரி மார்க்கெட் பக்கம் ரஹீம் பாய் ஸ்டூடியோவில் நெகட்டிவில் விழும் புள்ளிகளைப் பென்சிலால் அடைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். முதலாளிக்கு என்மேல் சந்தேகம், எனக்கு ஃபிலிம் மருந்து விற்பவர்கள்மேல் சந்தேகம், வாடிக்கையாளருக்கு எங்கள் எல்லோர்மேலும் சந்தேகம்.

மீன் ஐஸ்

சித்திரை வெயிலில் ஃபிலிம் கழுவும் மருந்து சூடாகிவிடும். அதில் கழுவினால் முகமெல்லாம் ரவை தூவியதுபோல் புள்ளி விழும். பாய் கண்டுபிடித்த வைத்தியம், தேங்காய்த்திட்டிலிருந்து சைக்கிளில் வரும் மீன் ஐஸ். மருந்துத் தொட்டியைச் சுற்றிக் கொட்டி வைப்போம். ரவை குறைந்தது என்னவோ உண்மைதான்.

தட்டாஞ்சாவடிப் பட்டறைக்காரர் ஒருவர் மகளின் கல்யாணப் பேச்சுக்கு எடுத்த படத்தை வாங்க வந்தார். வாசலில் கிடந்த ஐஸ் சாக்கில் செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். படத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை, மூக்கில் வைத்துப் பார்த்தார். "பாய், இத மாப்ள வூட்டுக்கு அனுப்பணும். அவங்க சுத்த சைவம்."

மெட்ராஸ் பவுடர்

அந்த வாரமே மெட்ராஸிலிருந்து ஒரு விற்பனைக்காரர் டப்பாவோடு வந்தார். இந்தப் பவுடரைக் கரைத்தால் ஐஸும் வேண்டாம், ரவையும் இருக்காது என்றார். இவ்வளவு இனிக்கப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை. பாய் என்னைவிட மோசம். விற்பனைக்காரரையே நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு படம் எடுத்தார். ஃபிலிமை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பழைய மருந்திலும் மறு பாதியைப் பவுடரிலும் கழுவினோம். ஆள் நடுவில் எதையாவது மாற்றிவிடப் போகிறாரே என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய மருந்தில் ரவை இருந்தது, மீசையில் ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். பவுடரில் முகம் வெண்ணெய், மீசை இருந்த இடத்தில் மைக்கறை. பாய் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "தம்பி, மருந்து நல்லாத்தான் இருக்கு. மீசை எங்க போச்சின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

தவளக்குப்பத்துத் தம்பி

அதற்குப் பிறகுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பழைய மருந்தும் ஐஸுமே போதும், மிச்சப் புள்ளியைப் பென்சிலால் நானே அடைத்துவிடுகிறேன் என்றேன். என் வேலையால் ஒரு படம் திரும்பி வந்தாலும் பென்சிலை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார் பாய். எனக்கு அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. பயத்தில் கை தாராளமாகிவிட்டது. ரவையோடு சுருக்கத்தையும் அடைத்தேன்.

தவளக்குப்பத்து உரக்கடைக்காரர் தன் படத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். தம்பியோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். "உண்மையச் சொல்லுங்க பாய், எந்தம்பி எப்ப வந்து படம் புடிச்சிட்டுப் போனான்?"

மூன்று புள்ளி

பிலோமின் என்ற பெண்ணின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணமான மறுமாதமே கப்பல் ஏறியவர். இரண்டு வருஷம் காத்திருந்து, அவரிடம் போவதற்கான காகிதத்துக்குப் படம் எடுக்க வந்தாள். நான் உள்ளறையில் இருந்தேன், ஆளைப் பார்க்கவில்லை. நெகட்டிவில் வலது கன்னத்தில் மூன்று புள்ளி. தூசி விழுந்த இடமும் மச்சமும் நெகட்டிவில் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்றையும் அடைத்தேன்.

நான்காம் நாள் படத்தோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஃபாரத்துல வலது கன்னத்துல மச்சம்னு எழுதியிருக்கு, படத்துல காணோம். வேற பொம்பள படத்த ஒட்டி எடுத்தாந்தியான்னு பிரெஞ்சு கான்சுலேட்டு கவுண்டர்ல இருந்த முசே கேக்கறாரு. நாளைக்குள்ள சரியான படம் குடுக்கலன்னா திரும்பவும் மொதல்லேருந்து எழுதணுமாம்."

பாய் கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் டர்பன்டைன் பஞ்சால் நெகட்டிவைத் துடைத்தேன். மூன்று புள்ளியும் திரும்பி வந்தன. அவளை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லி முதல்முறையாக முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இருந்ததுதான் மச்சம். பாய் பென்சிலைத் திருப்பி என் கையில் வைத்தார், ஆனால் தன் விரலைப் பென்சிலிலிருந்து எடுக்கவில்லை. தூசி இரண்டையும் மட்டும் அடைத்து, அப்போதே பிரிண்ட் போட்டோம்.

பிலோமின் ஈரப் படத்தையும் சுவர்க் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, மச்சத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அண்ணே, எறங்கற எடத்துல அவரு மொதல்ல தேடப்போறது இந்த மச்சத்தத்தான். அத அழிச்சிட்டு நீங்க யார அனுப்பப் பாத்தீங்க?"

அன்றிலிருந்து ஆளை எதிரே உட்கார வைத்துவிட்டுத்தான் பென்சிலைச் சீவுகிறேன். கன்னத்தில் ஈ உட்கார்ந்திருந்தால்கூட, கூடப் பிறந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் விரட்டுகிறேன்.