கிளாக்கர் காப்பாற்றிய பிள்ளை

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொண்டவள் சூசம்மா. பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார்கள். இருபது தூளிகளையும் ஆட்டி, மூக்கைத் துடைத்து, பீ அள்ளி, அழுகிறதை இடுப்பில் வைத்துக்கொண்டே கஞ்சி காய்ச்சுவாள். பதினாறு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. புருஷன் மரம் விழுந்து போய்ச்சேர்ந்துவிட்டான். பெற்றது ஒன்றும் இல்லை. வாய் மட்டும் நீளம். யாரையாவது புகழ வேண்டி வந்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவளும் ஒரே ஒரு மனுஷனை நம்பித் தொலைத்தாள்.

அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் மரியாம்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர். மாதா கோயிலுக்கும் அவரே தலைவர். பதுளையிலிருந்து பாதிரியார் சுவாமி மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய காரியம்; மற்ற ஞாயிறுகளில் கிளாக்கர்தான் ஜெபம் சொல்லுவார், பிரசங்கமும் வைப்பார். அவரிடம் இருந்தது ஒரே பிரசங்கம். வயிற்றில் உண்டான உயிர் ஆண்டவர் தந்தது, அதைக் கலைக்கிறவள் கொலைகாரி. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சூசம்மாவும் அழுவாள். செத்த பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்த கை அவளுடையது. உயிர் பெரிது என்று அவளுக்கு யாரும் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசி. கூப்பனுக்குக் கொடுக்கும் மாவைக் குறைத்துவிட்டார்கள், பாண் ரொட்டிக்கு வரிசை, லயத்து வீடுகளில் பாதி அடுப்பு மரவள்ளிக்கிழங்கோடு சரி. அந்த நேரத்தில் கொழுந்தெடுக்கும் பிலோமிக்கு நாலாவது பிள்ளை உண்டாகியிருந்தது. அவள் புருஷன் மொனராகலையில் கரும்பு வெட்டப் போகிறேன் என்று போனவன், போனவன்தான்.

"இருக்கிற மூணுக்கே சோறு இல்லக்கா. இதுக்கு என்னத்தக் குடுக்கிறது? பசறையில ஒரு பொம்பள இருக்காளாம். நாளைக்குப் போறேன்" என்றாள் பிலோமி.

சூசம்மா நேரே கிளாக்கரிடம் ஓடினாள். ஏதாவது வழி செய்வார், பஞ்சம் தீரும்வரை அரிசி, மாவு ஏதாவது கொடுப்பார் என்று நினைத்தாள். அவர் செய்த வழி வேறு. ஞாயிற்றுக்கிழமை சனங்களுக்கு முன்னால் பிலோமியை முழந்தாளிட வைத்து, மாதாவின் காலைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார்.

"பிள்ளையைப் பெறு. மிச்சத்தைக் கோயில் பாக்கும்" என்றார்.

பிலோமி பெற்றாள். ஆண் பிள்ளை. ஜீவரத்தினம் என்று பெயர் வைத்ததும் கிளாக்கர்தான். அதற்குப் பிறகு தோட்டத்துக்கு யார் வந்தாலும் "நான் காப்பாத்தின உயிர்" என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். ஆனால் பிள்ளை என்ன குடிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருடைய ஆண்டவருக்குப் பத்து மாதத்துக்கு அப்புறம் பிள்ளைகளிடம் வேலை இல்லை போலிருக்கிறது.

மூன்றாம் மாதம் பிலோமிக்குப் பால் வற்றிவிட்டது. பசியில் கிடக்கிறவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? அதே நேரத்தில், ஆகஸ்டில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று கோயிலுக்குப் பால்மா டின்கள் வந்து இறங்கின. சூசம்மா முதல் தடவை கையைக் கட்டிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"பொறு சூசம்மா. வாற மாதம் எட்டாம் திகதி மாதா திருநாள். சுவாமி வந்து தன்ர கையால குடுக்க வேணும். படமும் எடுக்கிறம்" என்றார் கிளாக்கர். கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் டின்களைக் கோபுரமாக அடுக்கி, காகிதப் பூ சுற்றிப் பூட்டி வைத்திருந்தார். "ஒண்டை எடுத்தாலும் அடுக்குக் குலைஞ்சு போகும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? இரண்டாம் தடவை போனபோது, "ஜெபம் பண்ணு" என்றார். அந்த வாரம் பிள்ளைமடுவத்தில் லயத்துக் கிழவன் அழகையாவின் பேத்தி பாலில்லாமல் செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டுக்கும் கிளாக்கர் வந்து, கண்ணாடியைக் கழற்றி, அருமையாக ஜெபம் சொன்னார். சூசம்மா மூன்றாம் தடவையும் போய்க் கெஞ்சினாள். மூன்றாம் தடவையும் எட்டாம் திகதிதான்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு ஜீவரத்தினம் அழுவதை நிறுத்திவிட்டது. அழாத பிள்ளை எதற்குத் தயாராகிறது என்று சூசம்மாவுக்குத் தெரியும். தாயிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தாள்; பிலோமியும் பின்னாலேயே வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். உள்ளே அதே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. வயிற்றில் உண்டான உயிர் என்ற இடத்துக்கு வந்திருந்தார். சூசம்மா நேரே போய்ப் பிள்ளையை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க காப்பாத்துன உசுரு. உங்ககிட்டயே இருக்கட்டும்."

கிளாக்கர் திகைத்துப்போனார். பிள்ளையின் தலை ஒரு பக்கம் தொங்கியது. அதைத் தாங்க ஒரு கையை எடுத்தால் கால் நழுவியது. "ஆராவது வந்து வாங்குங்கோ! இதை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை!" என்று கத்தினார். எழுந்த பிலோமியைப் பக்கத்துப் பெண்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். வேறு யாரும் அசையவில்லை. ஊருக்கெல்லாம் உயிரைப் பற்றிப் படித்துக் கொடுத்த மனுஷன், ஒரு முழம் நீளப் பிள்ளையை வைத்துக்கொண்டு விழி பிதுங்கி நின்றார்.

"தலைக்குக் கீழ கையக் குடுங்க. அப்பிடித்தான். ஆடாம நில்லுங்க" என்றாள் சூசம்மா. இரண்டு கையும் பிள்ளையோடு மாட்டிக்கொண்டு அவர் நிற்க, இடுப்பு வாரில் தொங்கிய அறைச் சாவியைத் தானே கழற்றிக்கொண்டு போனாள். கைக்கு எட்டியது அடி வரிசைதான். ஒரு டின்னை இழுத்ததும் கோபுரம் முழுவதும் சரிந்து, காகிதப் பூவோடு கோயில் வாசல்வரை உருண்டது. பெண்கள் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜீவரத்தினம் பிழைத்துக்கொண்டான். முதல் நாள் கரண்டியில் கொடுத்ததைக் கக்கினான், மறுநாள் விழுங்கினான், ஒரு வாரத்தில் தோட்டமே கேட்கக் கத்தினான். எட்டாம் திகதி சுவாமி வந்தபோது, பசித்த சனங்களைக் கண்டு மனம் பொறுக்காமல் முன்கூட்டியே கொடுத்துவிட்டதாகக் கிளாக்கர் சொல்லிக்கொண்டார். சூசம்மா எச்சிலைக் காறித் துப்பியதோடு சரி.

ஆனால் லயத்தில் அவளைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பிலோமி காலில் விழ வந்தாள்.

"நீங்க இல்லாட்டி என் புள்ள இல்லக்கா."

"எந்திரிடி" என்றாள் சூசம்மா. "சாவி அந்தாளு இடுப்புல தொங்குறது எனக்கு மூணு வாரமாத் தெரியும். ஐயா, ஐயான்னு கெஞ்சிக்கிட்டு நின்னேன். போய் அழகையா பேத்தியப் பெத்தவகிட்ட என் பெருமையச் சொல்லு."