கருவாடு பொரித்த கதாநாயகி

தொண்ணூறுகளில் வில்லரே என்ற பிரெஞ்சு பேசும் பகுதியில் ஒரு மூன்றடுக்கு வீட்டின் நடுத்தளத்தில் நாங்கள் இருந்தோம். கீழே ஓர் அயர்லாந்து அம்மையார். நாவலாசிரியர். ஆயுள் முழுக்கச் சாதாரண சனங்களைப் பற்றியே எழுதியவர். நானும் எழுதுகிறவன் என்றதும் தேநீர் தந்தார். சீனி இல்லை, ஆனாலும் குடித்தேன். எனக்கு அவசரமாக ஓர் ஆலோசனை தேவைப்பட்டது.

விஷயம் இதுதான். என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வரப்போகிறது. கதாநாயகி ஜன்னலைத் திறந்து வைத்துக் கருவாடு பொரிப்பாள். அயலவர் வந்து பிரெஞ்சில் ஏசினால், "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்துக் கதவைச் சாத்துவாள். அச்சு அசல் என் மனைவி! வாசித்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஐயோ, சோறு போகட்டும், கருவாடும் கிடைக்காது.

அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பயப்படாதேயும். எங்கள் ஊர்ச் சனத்தைத்தான் இவ்வளவு காலமும் எழுதினேன். ஒருவராவது தன்னைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கண்டுபிடித்தார்கள். என் தங்கை தன்னைப் பற்றிய நாவலைப் படித்துவிட்டு, 'பாவம், அந்தத் தபால்காரன் மனைவி' என்று அழுதாள்."

அப்படியே நடந்தது. மனைவி பத்திரிகையைப் படித்துவிட்டு, சட்டியில் கருவாட்டைப் புரட்டியபடி, "இது மேல்வீட்டு எஞ்சினியரின்ர மனிசியெல்லோ! என்ன வாய்!" என்றாள். மேல்வீட்டார் சென்னைக்காரர், முட்டைகூடத் தொடாதவர்கள். எனக்கென்ன வந்தது? "ஓம், ஓம்" என்று சொல்லி இன்னொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த குளிர்காலம் அம்மையார் தன் புதுக் கதையை நூலகத்தில் வாசித்தார். இருவரும் போனோம். கதையில் ஒரு மனிதர் வருகிறார். லுங்கிக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று, பனி அள்ளும் வண்டிக்காரனுக்குப் பனி அள்ளப் பாடம் நடத்துகிறார். அவன் கையெடுத்துக் கும்பிட்டாலும் விடுகிறாரில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேல்வீட்டு எஞ்சினியரேதான்! லுங்கி கட்டுவது அவர். நான் கட்டுவது எங்கள் ஊர்ச் சாரம்.

"மேல்வீட்டு ஆளை அப்பிடியே பிடிச்சு வைச்சிட்டா, பாருமப்பா!" என்று மனைவியின் தோளில் இடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை.

"ஓமப்பா. லுங்கி கட்டினவரும் கருவாடு பொரிச்சவளும் ஒரே வீட்டிலதான் இருக்கினம். மேல்வீட்டில இல்லை."

சிரித்த வாயைக் கையால் பொத்தினேன்.

"நீங்கள் வடிவாச் சிரிச்சு முடியுங்கோ," என்றாள். "மிச்சத்தைப் பேந்து வீட்டை போய்க் கதைப்பம்."